சீனக் கட்டுரையை முதலில் மாணவர்களே பார்க்கட்டும்: புதிய ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

38 கட்டுரை நோட்டுகள். ஒன்றுக்கு 15 நிமிடம் என்று வைத்தாலும் ஒன்பதரை மணி நேரம். சனி, ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து கட்டம் கட்டமாகப் பார்த்து, சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஓரத்தில் குறிப்பு எழுதித் திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கிறோம். பிள்ளைகள் கடைசிப் பக்கத்தைப் புரட்டி மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். பக்கத்தில் இருப்பவனுக்கு எவ்வளவு என்று எட்டிப் பார்க்கிறார்கள். நோட்டு பைக்குள் போய்விடுகிறது. அடுத்த கட்டுரையில் அதே பிழை அதே கோலத்தில் வந்து நிற்கும்.

நான் மலேசியாவில் சீனப்பள்ளியில் படித்து வளர்ந்த தமிழ்ப் பெண். இப்போது ஓர் இடைநிலைப் பள்ளியில் சீனமொழி கற்பிக்கிறேன். சீனப்பள்ளியில் படித்த நம் பிள்ளைகளில் சிலர் என்னைப் போலவே சீனமொழி ஆசிரியர்களாக வருகிறார்கள். அப்படி முதன்முறையாகக் கட்டுரை வகுப்புக்குள் நுழையும் தம்பி தங்கைகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தேசிய இடைநிலைப் பள்ளிகள் பலவற்றில் சீனம் வழக்கமான கால அட்டவணைக்கு வெளியே, பிள்ளைகள் களைத்துப்போன மதிய நேரத்தில்தான் நடக்கிறது. இருக்கிற நேரத்தில் எழுதவும் வைக்க வேண்டும், திருத்தவும் கற்றுத்தர வேண்டும். சக மாணவர் மதிப்பீடும் தன்மதிப்பீடும் எனக்குக் கைகொடுத்தது இந்த நெருக்கடியில்தான்.

இது புது யோசனையும் இல்லை. சீனத்தின் பெரிய எழுத்தாளரும் கல்வியாளருமான யே ஷெங்தாவ் (1894–1988), ஆசிரியர் வரிவரியாகத் திருத்திக் கொடுப்பதால் மாணவனுக்குப் பெரிதாகப் பயன் இல்லை, தன் எழுத்தைத் தானே திருத்தும் திறனைத்தான் அவனிடம் வளர்க்க வேண்டும் என்று வலியுறுத்தியவர். பின்னால் லியாவ்நிங் மாநிலத்தின் பான்ஜின் நகரில் ஆசிரியராக இருந்த வெய் ஷூஷெங், மாணவர்களே ஒருவர் கட்டுரையை ஒருவர் திருத்தும் முறையை வகுப்பில் நடத்திக் காட்டிப் புகழ்பெற்றார். அவருடைய பட்டியலில் பத்து அம்சங்கள் உண்டு. வடிவம், தாளின் சுத்தம், எழுத்துப் பிழை, வாக்கியப் பிழை, நிறுத்தற்குறி என்று தொடங்கி, மையக் கருத்து, பொருள் தேர்வு, அமைப்பு, வெளிப்பாட்டு முறை, மொழிநடை என்று போகும். வரிசையைக் கவனியுங்கள். கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியவை முன்னால் இருக்கின்றன, யோசித்துச் சொல்ல வேண்டியவை பின்னால் வருகின்றன. எதிலிருந்து தொடங்குவது என்று திணறும் புதியவருக்கு இந்த வரிசையே பாதி வழியைக் காட்டிவிடும்.

முதல் படி: ஒரு பிளம் மரக்கிளையிலிருந்து தொடங்குங்கள்

பிள்ளைகளிடம் "இன்றைக்கு நீங்களே ஒருவர் கட்டுரையை ஒருவர் திருத்தப் போகிறீர்கள்" என்றால், டீச்சர் தன் வேலையை நம் தலையில் கட்டுகிறார் என்றுதான் நினைப்பார்கள். அதனால் நான் ஒரு பழைய கதையோடு தொடங்குவேன்.

சீனாவைத் தாங் அரசமரபு ஆண்ட காலத்தின் இறுதியில் ச்சீ ஜி என்று ஒரு துறவி, கவிஞர். முன்கூட்டியே பூக்கும் பிளம் மலரைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். ஊருக்கு முன்னால் பனி ஆழமாகக் கிடக்கிறது, நேற்றிரவு சில கிளைகள் பூத்தன என்று அதில் ஓரிடம். ஜெங் கு என்ற கவிஞர் அதைப் பார்த்துவிட்டு, "சில கிளைகள் பூத்துவிட்டால் அது முன்கூட்டிப் பூத்தது ஆகுமா? ஒரு கிளை என்று வைத்தால்தான் சரி" என்றாராம். ச்சீ ஜி வணங்கி ஏற்றுக்கொண்டார். 'ஓரெழுத்து ஆசிரியர்' என்ற பெயர் ஜெங் குவுக்கு அப்படி வந்தது.

கதையைச் சொன்ன பிறகு வகுப்பைக் கேட்பேன்: ஜெங் கு என்ன செய்தார்? "நன்றாக இருக்கிறது" என்று சொன்னாரா? "மோசம்" என்று சொன்னாரா? இல்லை. தலைப்பை ஒரு கையிலும் ஒரு சொல்லை மறு கையிலும் பிடித்து, இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்தார். கட்டுரையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார், காரணம் சொன்னார், வேறொரு வழியையும் காட்டினார். எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ச்சீ ஜியின் கையில்தான் இருந்தது. இந்த நான்கும் நம் வகுப்பில் நடந்தால் போதும். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே புரிகிறது.

இரண்டாம் படி: மூன்று பழைய கட்டுரைகள்

உடனே நோட்டுகளை மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். நான் முதல் வருடம் செய்த தவறு அது. பன்னிரண்டு வரிசை கொண்ட ஒரு படிவத்தைத் தயாரித்து, நகல் எடுத்து, பெருமையாக விநியோகித்தேன். நான்கே நிமிடத்தில் எல்லாரும் எல்லா வரிசையிலும் சரி போட்டு முடித்துவிட்டார்கள். ஒரு பையன் கட்டுரையைத் திறக்காமலே போட்டிருந்தான். அவன் மேல் தவறில்லை. 'அமைப்பு தெளிவாக உள்ளதா?' என்று கேட்டால், தெளிவான அமைப்பு எப்படி இருக்கும் என்று அவனுக்கு யார் காட்டினார்கள்?

முந்தைய ஆண்டுகளில் எழுதப்பட்ட கட்டுரைகளில் மூன்றை எடுங்கள். ஒன்று நல்லது, ஒன்று நடுத்தரம், ஒன்று தடுமாறுவது. எழுதியவர் யாரென்று தெரியாதபடி பெயரை நீக்கி நீங்களே மறுபடி தட்டச்சு செய்துகொள்ளுங்கள். பிழைகளை மட்டும் அப்படியே விடுங்கள். வகுப்பு அந்த மூன்றையும் தரப்படுத்தட்டும். எண் வேண்டாம், மேல், நடு, கீழ் என்று சொன்னால் போதும். கருத்து பிரியும். பிரியும் இடத்தில்தான் உண்மையான பாடம் இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் நான்கெழுத்து மரபுத்தொடர்கள் நிறைந்த கட்டுரைக்குக் கண்ணை மூடிக்கொண்டு 'மேல்' கொடுப்பார்கள். "காலம் அம்பைப் போலப் பறக்கிறது, நாள்கள் நெசவு நாடாவைப் போல ஓடுகின்றன" என்று தொடங்கினால் போதும், மயங்கிவிடுவார்கள். அந்தத் தொடக்கத்தை மறைத்துவிட்டு மீதியை வாசிக்கச் சொல்லுங்கள். ஏதாவது குறைகிறதா? ஒன்றும் குறையாது. அந்த அரைமணி நேரம், அலங்காரத்தையும் பொருளையும் பிரித்துப் பார்க்க அவர்கள் கண்ணுக்குப் பழக்கம் கொடுக்கிறது.

இதற்கு இரண்டு வகுப்புகள் போனாலும் போகட்டும்.

மூன்றாம் படி: ஒரு கட்டுரைக்கு ஒரு கேள்வி

பட்டியல் சின்னதாக இருக்க வேண்டும். வடிவத்தைப் பற்றி ஒன்று, பொருளைப் பற்றி ஒன்று, அவ்வளவுதான். எந்த வகைக் கட்டுரையோ அதற்கேற்பப் பொருள்கேள்வி மாறும்.

நிகழ்ச்சிக் கட்டுரை என்றால் சீன வகுப்பில் ஆறு கூறுகளைச் சொல்லித்தருவோம்: காலம், இடம், மாந்தர், காரணம், நடந்த விதம், முடிவு. ஆறையும் தேடச் சொல்லாமல், "நடந்த விதத்தில் எந்த இடத்தில் உனக்குக் காட்சி தெரிந்தது, எந்த இடத்தில் தெரியவில்லை?" என்று மட்டும் கேளுங்கள். வாதக் கட்டுரை என்றால் கருத்து, சான்று, இரண்டையும் இணைக்கும் விளக்கம் என்று மூன்று கூறுகள். பிள்ளைகள் சான்றை எழுதிவிட்டு விளக்கத்தை விழுங்கிவிடுவார்கள். எனவே "இந்தச் சான்று எப்படிக் கருத்தை நிறுவுகிறது என்று சொல்லும் வாக்கியத்துக்கு அடிக்கோடு போடு. அப்படி ஒரு வாக்கியம் இல்லையென்றால் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போடு." இதை எந்த மாணவனாலும் செய்ய முடியும்.

வடிவத்துக்கு முதல் மாதம் கட்டத்தாளே, அதாவது கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று எழுதும் தாளே, போதுமான வேலை தரும். ஒவ்வொரு பத்தியும் இரண்டு கட்டம் விட்டுத் தொடங்கியிருக்கிறதா? நிறுத்தற்குறிக்குத் தனிக் கட்டம் கொடுத்திருக்கிறார்களா? வரியின் தொடக்கத்தில் காற்புள்ளி வந்து நிற்கிறதா? முப்புள்ளி என்று நாம் சொல்வது சீனத்தில் ஆறு புள்ளி, இரண்டு கட்டம் பிடிக்கும். அடுத்த மாதம் நிறுத்தற்குறிக்குப் போங்கள். சொற்களை அடுக்கும்போது போட வேண்டிய சின்னத் துளிக்குறி வேறு, காற்புள்ளி வேறு என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். பத்தி முடியும்வரை காற்புள்ளியிலேயே ஓடும் பழக்கமும் உண்டு. சீன ஆசிரியர்கள் அதை 'யீ தோவ் தாவ் தி' என்பார்கள், அடிவரைக்கும் காற்புள்ளி என்று பொருள். நண்பனின் பத்தியில் எங்கே மூச்சு முடிகிறதோ அங்கே முற்றுப்புள்ளியைப் பென்சிலால் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்காம் படி: 'ஜியாயோ'வுக்குத் தடை

சக மாணவர் மதிப்பீட்டில் நான் அதிகம் பாடுபட்ட இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எதுவும் சொல்லிக்கொடுக்காமல் விட்டால் 38 நோட்டிலும் மூன்றே குறிப்புகள்தான் இருக்கும்: 'மிக நன்று', 'கையெழுத்து அழகு', 'ஜியாயோ'. கடைசிச் சொல்லுக்கு 'எண்ணெய் ஊற்று' என்று நேர்ப்பொருள், 'விடாதே, முயற்சி செய்' என்று வழக்கு. அன்பான சொல்தான். ஆனால் கட்டுரையை வாசிக்காமலே எழுத முடிகிற சொல். என் வகுப்பில் குறிப்புப் பகுதியில் இந்த மூன்றுக்கும் இடமில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுவேன்.

பிள்ளைகள் இப்படி எழுதுவது சோம்பலால் மட்டும் இல்லை. நண்பனின் முகம் வாடக்கூடாது என்ற கவலையும் இருக்கிறது. நாம் முகம் முறிக்கக்கூடாது என்கிறோம், சீனர்களும் முகத்தைக் காப்பது பற்றித்தான் பேசுகிறார்கள். 'குறை சொல்லு' என்று தள்ளினால் ஒன்று வாயை மூடிக்கொள்வார்கள், இல்லையென்றால் காயப்படுத்திவிடுவார்கள். அதனால் தீர்ப்புச் சொல்லும் வாக்கியங்களை எடுத்துவிட்டு, வாசகராகப் பேசும் மூன்று தொடக்கங்களைக் கொடுங்கள். பலகையில் சீனத்தில் பெரிதாக எழுதி ஆண்டு முழுவதும் அழிக்காமல் வைத்திருங்கள்.

ஒன்று, "இங்கே வாசித்தபோது நான் பார்த்தது…"
இரண்டு, "இங்கே நான் தடுக்கி நின்றேன், ஏனென்றால்…"
மூன்று, "…என்று இருந்தால் எப்படி இருக்கும்?"

மூன்றுமே ஓர் இடத்தைச் சுட்டாமல் எழுத முடியாத வாக்கியங்கள். இவற்றை எங்கே எழுதுவது என்பதற்கும் சீன மரபில் ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. பக்கத்தின் மேல் ஓரத்தில் எழுதும் குறிப்புக்கு 'மேய்பி' என்று பெயர், புருவக் குறிப்பு. பக்கத்தை முகம் என்று வைத்தால் கண்ணுக்கு மேலே நிற்பது. முடிவில் எழுதுவது மொத்தக் குறிப்பு. என் அனுபவத்தில் முதல் ஆறு மாதம் மாணவர்களுக்குப் புருவக் குறிப்பு மட்டும் போதும். மொத்தக் குறிப்பு எழுதச் சொன்னால் உடனே 'மிக நன்று'க்குத் திரும்பிவிடுகிறார்கள். நல்ல வரிக்கு அலைக்கோடு போடுவதும் பழைய வழக்கம்தான். ஒரு பக்கத்துக்கு இரண்டு அலைக்கோடு கட்டாயம் என்று வையுங்கள். பிழை தேடும் கண் நல்லதையும் தேட வேண்டும்.

இரண்டாம் படிவ வகுப்பில் நடந்த ஒன்று. தலைப்பு, 'மறக்க முடியாத ஒரு நிகழ்ச்சி'. தாத்தா இறந்த செய்தி வந்த இரவைப் பற்றி ஒரு மாணவி எழுதியிருந்தாள். நடுவில் ஒரு வரி: "அம்மா மிகவும் வருத்தப்பட்டார்." அவளுடைய கட்டுரை கிடைத்த பையன் அதிகம் பேசாதவன். இரண்டாம் தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டு புருவக் குறிப்பில் இப்படி எழுதினான்: "இங்கே நான் தடுக்கி நின்றேன், ஏனென்றால் அம்மா வருத்தமாக இருந்தது உனக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை."

அவள் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் வந்து, "லாவ்ஷி (டீச்சர்), அம்மா அழவே இல்லை, அதனாலதான் என்ன எழுதுறதுன்னு தெரியல" என்றாள். "அப்போ என்ன செய்தாங்க?" என்று கேட்டேன். அடுத்த வாரம் அந்த வரி இருந்த இடத்தில் இரண்டு வரிகள் இருந்தன: "அம்மா கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். கிண்ணம் எப்போதோ சுத்தமாகியிருந்தது."

நான் எத்தனை சிவப்புக் குறிப்பு எழுதியிருந்தாலும் 'விரிவாக எழுது' என்றுதான் எழுதியிருப்பேன். அந்தப் பையனுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவளுக்கும் அது கேட்டது.

ஐந்தாம் படி: பரிமாறும் அந்த ஒரு மணி நேரம்

நால்வர் கொண்ட குழு. ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு வாசகர்கள். குழுவை நீங்களே அமையுங்கள். நெருங்கிய நண்பர்களை ஒரே குழுவில் போட்டால் பாராட்டு மட்டும் வரும், பகையாளிகளைப் போட்டால் சண்டை வரும். கெட்டிக்காரரையும் தடுமாறுபவரையும் நேர் எதிரே வைக்காமல், நடுத்தரமானவர் ஒருவரை இடையில் வையுங்கள்.

முதல் 5 நிமிடம் பேனா, பென்சில் எதையும் தொடாமல் வாசிப்பு. இது முக்கியம். பென்சில் கையில் இருந்தால் முதல் வரியிலேயே பிழை வேட்டை தொடங்கிவிடும், கட்டுரை என்ன சொல்கிறது என்பது காதில் ஏறாது. அடுத்த 10 நிமிடம் அந்த மாதத்தின் வடிவக் கேள்வி, பென்சிலில். அப்புறம் 10 நிமிடம் புருவக் குறிப்பு, குறைந்தது இரண்டு. நோட்டு இரண்டாம் வாசகரிடம் போகிறது, அவருக்கு 10 நிமிடம். முதல் வாசகர் சொன்னதையே அவர் திரும்பச் சொல்லக்கூடாது. நோட்டு எழுதியவரிடம் திரும்பியதும் 5 நிமிடம் அமைதியாக வாசிப்பார். 10 நிமிடம் மூவரும் பேசுவார்கள். கடைசி 10 நிமிடம் எழுதியவருடையது: ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் ஏற்றுக்கொண்டால் வட்டம், யோசிக்க வேண்டும் என்றால் முக்கோணம், ஏற்கவில்லை என்றால் பெருக்கல் குறி. பெருக்கல் குறி போட்டால் ஒரு வரியில் காரணம் எழுத வேண்டும்.

மறுக்கும் உரிமையை எழுதியவருக்குக் கொடுக்கத் தயங்காதீர்கள். கட்டுரை யாருடையது என்ற உணர்வு அங்கேதான் காப்பாற்றப்படுகிறது.

வாசகர் தன் குறிப்புக்குக் கீழே பெயர் எழுத வேண்டும். சிவப்பு மை ஆசிரியருக்கு மட்டும், மாணவர்களுக்குப் பென்சில் அல்லது பச்சை. இன்னொரு காரணமும் இருக்கிறது: உயிரோடிருப்பவர் பெயரைச் சிவப்பில் எழுதுவதைச் சீனக் குடும்பங்களில் அபசகுனமாகக் கருதுவார்கள். தெரியாமல் ஒரு மாணவி அப்படி எழுதி, வீட்டில் பாட்டி கண்ணில் பட்டு வருத்தமாகிப்போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றை வலியோடுதான் சொல்ல வேண்டும். என் முதல் ஆண்டில், அப்பா வீட்டை விட்டுப் போனதை ஒரு பையன் எழுதியிருந்தான். நான் முன்கூட்டி வாசிக்காமல் நோட்டுகளை மாற்றிக் கொடுத்துவிட்டேன். கையில் கிடைத்தவன் அதைப் பக்கத்தில் இருந்தவனுக்குச் சிரித்தபடி வாசித்துக் காட்டினான். அந்தப் பையன் அதன்பிறகு ஆண்டு முடியும்வரை பள்ளித் திடலையும் பிறந்தநாள் விருந்தையும் தவிர வேறெதையும் எழுதவில்லை. இப்போது என் வகுப்பில் ஒரு விதி உண்டு. பக்கத்தின் மூலையை மடித்துவைத்தால் அந்தக் கட்டுரையை ஆசிரியர் மட்டும் வாசிப்பார், காரணம் கேட்க மாட்டார். பரிமாற்றத்துக்கு அந்த மாணவர் தன் பழைய கட்டுரை ஒன்றைக் கொடுக்கலாம். இந்த விதியை முதல் கட்டுரைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: காதுக்கு ஒரு முறை, கண்ணுக்கு ஒரு முறை

'வாய்விட்டு வாசித்துப் பார், பிழை தெரியும்' என்று தமிழ் வகுப்பில் சொல்வோம். 'மழை' என்று எழுத வேண்டிய இடத்தில் 'மலை' இருந்தால், ஒழுங்காக உச்சரிக்கும் காது பிடித்துவிடும். சீனத்தில் இந்த அறிவுரை பாதிதான் உதவும். 'ட்சாய்' என்ற ஒரே ஒலியில், ஒரே தொனியில் இரண்டு எழுத்துகள். ஒன்று ஓரிடத்தில் இருப்பதைச் சொல்வது, மற்றது 'மறுபடி'. 'மறுபடி சந்திப்போம்' என்பதில் மாணவன் முதல் எழுத்தைப் போட்டுவிட்டால் நூறு தடவை உரக்க வாசித்தாலும் காதுக்கு ஒன்றும் தெரியாது. பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'த', வினைக்கு முன் வரும் 'த', வினைக்குப் பின் வரும் 'த' என்று மூன்று எழுத்துகள் இருக்கின்றன. அவற்றின் குழப்பமும் அப்படித்தான்.

ஆகவே திருத்துவதை இரண்டாகப் பிரியுங்கள். காதுச் சுற்றில் வாக்கியம். குழுவில் ஒருவர் எழுதியவருக்கு உரக்க வாசித்துக் காட்ட வேண்டும், எழுதியவர் கேட்க வேண்டும். தன் கட்டுரையைத் தானே வாசித்தால் இல்லாத சொல்லையும் சேர்த்து வாசித்துவிடுவோம். மற்றவர் வாசிக்கும்போது அவர் தடுக்கும் இடம் தெளிவாகத் தெரியும். "நான் சாப்பிட்டேன் கேண்டீனில்" என்பது போல இடத்தைப் பின்னால் வைக்கும் வாக்கியங்கள் இங்கே சிக்கும். மலாய், ஆங்கில வழக்கில் இருந்து வரும் பழக்கம் அது. சீனத்தில் தமிழைப் போலவே இடம் முன்னால், வினை பின்னால். நம் பிள்ளைகளிடம் "தமிழில் எப்படிச் சொல்வாய்?" என்று கேட்டாலே சரியாக வைத்துவிடுவார்கள்.

கண் சுற்றில் எழுத்து மட்டும். ஓர் அட்டையில் ஒரு வரி அளவுக்கு ஜன்னல் வெட்டி, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். பொருள் ஓடாததால் கண் எழுத்தில் நிற்கும். இங்கே இரண்டு வகைப் பிழைகளைப் பிரித்துக் காட்டுங்கள். கோடு கூடியோ குறைந்தோ, அப்படி ஓர் எழுத்தே இல்லாமல் போவது ஒரு வகை. உண்மையான எழுத்துதான், ஆனால் இந்த இடத்துக்கு உரியது இல்லை என்பது இன்னொரு வகை. 'ஜி', 'யீ' என்ற இரண்டும் நல்ல எடுத்துக்காட்டு. இடப்பக்க வாய் முழுதும் திறந்திருந்தால் 'தான்', பாதி மூடியிருந்தால் 'ஏற்கெனவே'. முழுதும் மூடிவிட்டால் பாம்பு ஆண்டுக்குரிய எழுத்தாகிவிடும். 'நான் ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டேன்' என்பதில் பாம்பு புகுந்ததை நண்பன் கண்டுபிடித்தால் இருவருமே அதை மறக்க மாட்டார்கள்.

கையால் எழுதினால் முதல் வகை அதிகம். கணினியிலோ கைபேசியிலோ ஒலியைத் தட்டி எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் முதல் வகை அறவே வராது, இரண்டாம் வகை கூடிவிடும். எதில் எழுத வைக்கிறீர்களோ அதற்கேற்பக் கண் சுற்றை மாற்றிக்கொள்ளுங்கள்.

சந்தேகம் வந்தால் தீர்ப்பு அகராதியிடம். குழுவுக்கு ஒன்று மேசைமேல் இருக்கட்டும். 'எனக்குத் தெரியும்' என்ற வாக்குவாதம் அத்தோடு முடியும்.

ஏழாம் படி: தன்மதிப்பீடு பின்னால் வரட்டும்

தன்னைப் பார்ப்பது எளிது, பிறரைப் பார்ப்பது கடினம் என்று நினைத்துப் பலர் தன்மதிப்பீட்டில் தொடங்குவார்கள். என் அனுபவம் நேர்மாறு. தன் எழுத்தை வாசிக்கும்போது தாளில் இருப்பதை நாம் பார்ப்பதில்லை, நினைத்ததைத்தான் பார்க்கிறோம். நாலைந்து மாதம் மற்றவர் கட்டுரையில் பழகிய கண்தான் தன் கட்டுரைக்குத் திரும்பும்போது வேலை செய்கிறது.

இதற்கு இரண்டு கருவிகள் போதும். முதலாவது, நோட்டின் பின்பக்கத்தில் ஒரு பிழைக் கணக்கு. தப்பாக எழுதியது, சரியானது, அது வரும் ஒரு சொல், தேதி என்று நான்கு நெடுவரிசைகள். அடுத்த கட்டுரையை ஒப்படைப்பதற்கு முன் தன் கணக்கில் உள்ள கடைசி ஐந்தை மட்டும் தேட வேண்டும். 'பிழை இல்லாமல் எழுது' என்பது யாராலும் செய்ய முடியாத கட்டளை. 'உன் ஐந்து பிழையைத் தேடு' என்றால் தேடுவார்கள்.

இரண்டாவது, கட்டுரைக்கு மேலே மூன்று வரிக் கடிதம். எனக்கு இதில் பிடித்த வரி இது, நான் சமாளிக்க முடியாமல் விட்ட இடம் இது, வாசகர் இதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த மூன்றாம் வரி வந்தபிறகு பரிமாற்றத்தின் தரமே மாறிவிடும். வாசகருக்கு எதைத் தேடுவது என்று தெரியும், எழுதியவர் கேட்டதற்குப் பதில் என்பதால் முகம் வாடாது.

தனக்குத்தானே மதிப்பெண் போடச் சொல்லலாமா? முதல் ஆண்டில் வேண்டாம் என்பேன். பயந்த பிள்ளை குறைத்துப் போடும், அலட்சியமான பிள்ளை கூட்டிப் போடும், இரண்டும் கட்டுரையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மேல், நடு, கீழ் என்று ஒரு தரமும், அதற்குச் சான்றாகத் தன் கட்டுரையில் இருந்து ஒரு வரியும் போதும்.

எட்டாம் படி: திருப்பி எழுதாவிட்டால் பயனில்லை

குறிப்பு வந்தது, பேசினார்கள், நோட்டு மூடியது என்று முடித்துவிட்டால் முதலில் சொன்ன சிவப்பு மைக் கதைதான் திரும்ப நடக்கும். அடுத்த வகுப்பின் முதல் அரைமணி நேரத்தைத் திருப்பி எழுதுவதற்கு ஒதுக்குங்கள். முழுக் கட்டுரையும் வேண்டாம், களைத்துவிடுவார்கள். ஒரே ஒரு பத்தி. எந்தப் பத்தி என்பதை எழுதியவர் தேர்ந்தெடுக்கட்டும். அதை அரைத்தாளில் எழுதிப் பழைய பத்திக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட வேண்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும்.

அதன்பிறகுதான் நோட்டு உங்களிடம் வருகிறது. பழைய பத்தி, நண்பர்களின் குறிப்பு, வட்டமும் முக்கோணமும், புதிய பத்தி. இதை வாசிக்க எனக்கு ஒரு நோட்டுக்கு 5 நிமிடம் ஆகிறது, 38 நோட்டுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஆனால் முதல் இரண்டு மாதம் இந்தச் சேமிப்பை எதிர்பார்க்காதீர்கள். குறிப்பு எழுதச் சொல்லிக்கொடுப்பதில் பழைய ஒன்பதரை மணி நேரத்தைவிட அதிகமாகவே போகும்.

மதிப்பெண் உங்கள் கையிலேயே இருக்கட்டும். மாணவர் கொடுக்கும் மதிப்பெண் பதிவேட்டுக்குப் போனால் நட்பும் பகையும் அதில் கலந்துவிடும், பெற்றோரும் கேட்டு வருவார்கள், அவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் நல்ல புருவக் குறிப்பு எழுதிய வாசகருக்குச் சிறு மதிப்பெண் கொடுங்கள். மாதத்துக்கு ஒரு முறை சிறந்த மூன்று குறிப்புகளை வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள். சுமாராக எழுதும் ஒரு பிள்ளை மிக நுட்பமான வாசகராக இருப்பதை அப்போதுதான் நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

சில சிக்கல்கள்

சரியாக இருப்பதை நண்பன் தப்பாகத் திருத்திவிடுவது நடக்கும். அதற்குத்தான் பென்சில், அதற்குத்தான் பெருக்கல் குறி. நோட்டைப் பார்க்கும்போது அந்தத் தவறான திருத்தங்களை மட்டும் குறித்துவைத்து அடுத்த வகுப்பில் எல்லாருக்கும் பொதுவாக விளக்குங்கள், யார் திருத்தினார் என்று சொல்லாமல்.

உள்ளூர்ச் சீனம் எது, பிழை எது என்ற சண்டையும் வரும். சந்தைக்கு இங்கே 'பாஷா' என்போம், மலாய்ச் சொல்லில் இருந்து வந்தது. மலேசியச் சீனத்தில் அது வேரூன்றிய சொல், பிழையென்று வட்டம் போட வேண்டாம். ஆனால் 'நான் போகிறேன் முதலில்' என்ற கண்டோனிய வரிசை பேச்சுக்குச் சரி, கட்டுரைக்கு 'நான் முதலில் போகிறேன்' என்ற வரிசைதான். உரையாடலுக்குள் ஒரு பாத்திரம் அப்படிப் பேசினால் விட்டுவிடலாம். எண்ணுக்கும் பெயர்ச்சொல்லுக்கும் நடுவே சீனத்தில் ஓர் அளவுச்சொல் வரும்; எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் 'க' என்ற ஒரே அளவுச்சொல்லைப் போடுவது உண்மையான பிழை. குதிரைக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று, குடைக்கு ஒன்று என்று சீனத்தில் தனித்தனியாக உண்டு. ஒரு மாதத்தின் வடிவக் கேள்வியாக அதையே வைத்துக்கொள்ளலாம்.

மிகவும் பின்தங்கிய பிள்ளைக்கு இரண்டு பக்கக் கட்டுரையைக் கொடுத்து வாசிக்கச் சொல்வது கொடுமை. ஒரு பத்தி மட்டும் கொடுங்கள், முதல் தொடக்கத்தை மட்டும் எழுதட்டும்: "இங்கே வாசித்தபோது நான் பார்த்தது…" வேண்டுமானால் பார்த்ததைப் படமாக வரையட்டும். ஒரு முறை அப்படி வரைந்த படத்தில் கதவு இல்லாத ஒரு வீடு இருந்தது. எழுதியவன் அதைப் பார்த்துவிட்டு, தான் கதவைத் திறந்து உள்ளே போனதாக எழுத மறந்ததைக் கண்டுபிடித்து, அங்கேயே உட்கார்ந்து சேர்த்தான்.